இடம் விட்ட ஆள்

வெஸ்லி எழுந்து கெட்டிலைப் போட்டான். தண்ணீர் கொதிக்கும்வரை சன்னலோரம் நின்றான். ரொட்டி வாட்டினான். ஒரு துண்டைத் தின்றுவிட்டு மறு துண்டை நாய்க்குப் போட்டான். நாயின் பெயர் சார்ஜென்ட். பூட்சைக் கவிழ்த்துத் தட்டினான். பூச்சி ஏதும் விழவில்லை. ஐஸ் பெட்டியில் காலிச் சீசாக்களை அடுக்கினான். ஹாலோவே ஊருக்குத் தண்ணீர் பரிசோதிப்பது அவன் வேலை. ஆழ்துளைக் கிணறு, தொட்டி, பள்ளிக்கூடக் குழாய், ஆஸ்பத்திரிக் குழாய் என்று சுற்றி வந்து சீசாவில் பிடித்து பெர்த்துக்கு அனுப்ப வேண்டும். பெர்த்தில் காலேஜில் இதைத்தான் படித்தான்.

வண்டியைக் கிளப்பி விளக்கைப் போட்டான். கொட்டகைத் தகரத்தில் ஒரே ஒரு வெளிச்ச வட்டம் விழுந்தது. இடது பக்க விளக்கு ரொம்ப நாளாகவே எரிவதில்லை. மாற்றச் சொல்லி நச்சரிக்க இப்போது ஆள் இல்லை.

இறங்கிப் போய் சமையலறையிலிருந்து அட்டைப்பெட்டியைத் தூக்கி வந்து பின்னால் வைத்தான். அன்றைக்கு அது ஒன்றுதான் கூடுதல் வேலை. பெட்டி நிறையப் பாத்திரங்கள். மனைவி இறந்த வாரத்திலிருந்து வெயில் காலம் வரும்வரை, சர்ச்சுப் பெண்கள் யாராவது அவன் வாசற்படியில் ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டுப் போவார்கள். ஆட்டுக்கறிக் குழம்பு, மக்ரோனி, ஆப்பிள் வேகவைத்தது. கதவைத் தட்ட மாட்டார்கள். அவன் எடுத்துத் தின்பான். ருசி ஒன்றும் தெரியாது. தின்றான், அவ்வளவுதான். இன்றைக்கு அவன் எலும்பின் மேல் இருக்கிற சதை அந்தப் பாத்திரங்களிலிருந்து வந்தது. அடியில் பிளாஸ்திரி ஒட்டி யாருடையது என்று எழுதியிருக்கும். திருப்பிக் கொடுக்கப் போனால் நின்று பேச வேண்டியிருக்கும் என்பதால் கழுவிக் கழுவி அடுக்கிவைத்திருந்தான். இன்றைக்கு விருந்து. எல்லோரும் ஓரிடத்தில் இருப்பார்கள். ஒரே மூச்சில் கொடுத்துவிடலாம்.

குளிர் தொடங்கும்போது ஊரிலுள்ள மூன்று சர்ச்சுகளும் சேர்ந்து போடும் விருந்து அது. பாலைவனத்து ஜனங்கள், அந்த மண்ணுக்கு மூத்தவர்கள், மிஷன் காலத்தில் கோயிலுக்குள் இடமில்லாமல் வாசலில் உட்கார்ந்து ஜெபம் கேட்டவர்கள். அவர்களிடம் அந்த வாசலுக்கு மன்னிப்புக் கேட்டு, உள்ளே அழைத்து, தட்டு வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது. முதல் தடவை வெள்ளைக்காரர்களே சமைத்து வெள்ளைக்காரர்களே பரிமாறினார்கள். கூட்டம் சேரவில்லை. அப்போது வெஸ்லியின் மனைவிதான் விருந்தை நடத்தும் வெள்ளைக்கார எனிட் அம்மாளிடம் போய்ச் சொன்னாள், "எங்களை எத்தனை நாளைக்கு விருந்தாளியாவே வச்சிருப்பீங்க? நாங்களும் சமைக்கிறோம்." அடுத்த தடவையிலிருந்து ஹாலுக்குப் பின்னால் குழி வெட்டிக் கங்காரு வால் சுடுகிறார்கள். கூட்டம் தானாக வந்தது.

அவள் பெயரை இப்போது யாரும் சொல்வதில்லை. பாலைவனத்து முறைப்படி இறந்தவர் பெயரைச் சொல்லக் கூடாது. கடையில் கல்லாவில் நிற்கும் பெண்ணுக்கும் அதே பெயர். அவள் சட்டையிலிருந்த பெயர்ப் பட்டையில் டேப் ஒட்டிவிட்டார்கள். அவளையும் இப்போது எல்லோரும் குன்மனாரா என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெயர் இழந்தவர்களுக்கெல்லாம் அந்த ஒரே பெயர்தான். வெஸ்லி பால் வாங்கப் போனால் அவள் சில்லறையை அவன் கையில் மெதுவாக வைப்பாள். அவளுக்கும் அது கஷ்டம்தான்.

மத்தியானத்துக்குள் சீசா வேலை முடிந்தது. ஹாலுக்குப் பின்னால் வண்டியை நிறுத்தினான். கெல்வின் ஏற்கெனவே குழியில் நின்றுகொண்டிருந்தான். கெல்வின் அவன் மனைவியின் தம்பி. ரயில் பாதையில் கட்டை மாற்றும் வேலை. தோள் இரண்டும் மூட்டை மாதிரி இருக்கும்.

"வாய்யா ஒத்தக் கண்ணு வண்டிக்காரா. சூரியன் போனப்புறம் வரலாம்னு இருந்தியா?"

"வேலை இருந்துச்சு."

"சீசாவுல தண்ணி பிடிக்கிறது ஒரு வேலை. இந்தா, மண்வெட்டிய பிடி."

வெஸ்லி தோண்டினான். மேல்மண் சிவப்பு. ஒரு முழத்துக்குக் கீழே கல் தட்டியது.

"மச்சான், பூனை தோண்டுற மாதிரி தோண்டுற."

"கல்லு இருக்கு."

"கல்லு எங்க ஊர்ல எப்பவும் இருக்கு. உங்க கடக்கரைப் பக்கம் மணல்லயே தோண்டிப் பழகிட்ட." வெஸ்லி தெற்கே கடலோரத்து நூங்கார் பூர்வகுடி இனம். கெல்வினுக்கு அதில் ஒரு நிரந்தர வேடிக்கை. "மீன் தின்னு வளந்த உடம்பு. பாவம்."

மல்கா மரத்து விறகை அடுக்கித் தீ மூட்டினார்கள். காற்று கிழக்கிலிருந்து வந்தது. ஈரமில்லாத குளிர். புகை தரையோடு போய் வேலியில் மோதித் திரும்பியது. உறைந்து கிடந்த வால்களைத் தீயில் காட்டி மயிரைப் பொசுக்கினார்கள். பொசுங்கின மயிரைக் கத்தியின் முதுகால் வழித்தார்கள். அந்த வாசனைக்கு ஊர் நாய்களெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தன. சார்ஜென்ட் மட்டும் உள்ளே, உரிமையோடு.

"இந்த ரெண்டையும் தனியா வை," என்றான் வெஸ்லி. "தடிச்ச வாலு."

"யாருக்கு?"

வெஸ்லி இரண்டு வாலையும் எடுத்து ஓரமாக வைத்தான்.

"தெரியும்," என்றான் கெல்வின். "அம்மா வர்றாங்க."

வெஸ்லி கத்தியை நிறுத்தினான்.

"பஸ்லயா?"

"பஸ்லதான். பின்ன என்ன, பிளேன்லயா?"

சொன்ன பிறகு கெல்வின் வாயை மூடிக்கொண்டான். குனிந்து தீயில் விறகைத் தள்ளினான்.

வெஸ்லிக்கும் அவன் மாமியார் டல்சிக்கும் பேச்சு கிடையாது. ஒரு தடவைகூடப் பேசியதில்லை. சண்டை ஒன்றுமில்லை. பாலைவனத்து முறை அது. மருமகனும் மாமியாரும் முகம் பார்க்கக் கூடாது, நேராகப் பேசக் கூடாது, ஒரே நிழலில் உட்காரக் கூடாது. வெஸ்லியின் பக்கத்தில் அந்த வழக்கம் மிஷன்காரர்கள் காலத்திலேயே போய்விட்டது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் சொன்னாள், "எங்கம்மா இருக்கிற பக்கம் நீ திரும்பக் கூடாது. அவங்களும் திரும்ப மாட்டாங்க. அதுக்கு மேல மரியாதை எங்ககிட்ட இல்ல." சரி என்றான். டல்சி வீட்டுக்கு வரும்போது தெருமுனையிலேயே உரக்க இருமுவார். இவன் பின்கதவு வழியாகப் போய்விடுவான். அவர் ஊருக்குப் போயிருக்கும் நாளாகப் பார்த்து அவர் வீட்டுக் குழாயை மாற்றினான், கூரைத் தகரத்தை அடித்தான். கறி கிடைத்தால் முதல் பங்கை கெல்வினிடம் கொடுத்தனுப்பினான். படியில் அவனுக்கென்று சாம்பலில் சுட்ட ரொட்டி, துணியில் சுற்றியபடி இருக்கும். இப்படியே ஒருவருக்கொருவர் நன்றாகத் தெரிந்திருந்தார்கள்.

வெஸ்லியின் மனைவிக்குச் சிறுவயதுக் காய்ச்சலில் கெட்டுப்போன இதயம். போன குளிருக்கு முந்தின குளிரில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக டாக்டர் பிளேன் வந்தது. ஊருக்கு வெளியே செம்மண் ஓடுபாதை, சாயங்கால வெளிச்சம். கூட ஒருவர்தான் ஏறலாம் என்றாள் நர்ஸ். ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் டல்சி மகளின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வெஸ்லி அருகில் வர முடியாது. அவன் வர முடியாமல் நிற்பதைப் பார்த்து டல்சி போர்வையால் தலையை மூடிக்கொண்டு விலகினார். அவர் விலகுவதைப் பார்த்து இவனும் விலகினான். கடைசியில் ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் யாருமே இல்லை. "யாராவது ஒருத்தர் ஏறுங்க," என்றாள் நர்ஸ். வெஸ்லி தரையைப் பார்த்தபடி டல்சி இருந்த திசைக்குக் கையைக் காட்டினான். திரும்பி வண்டிக்கு நடந்தான். ரோட்டு வழியாகப் போனால் விடிவதற்குள் ஆஸ்பத்திரியில் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அங்கே சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

அவன் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அவள் கடைசியாகப் பார்த்தது தன் முதுகைத்தான் என்று அவன் எண்ணிக்கொண்டான். பின்னாலேயே வருகிறான் என்று அவளுக்குத் தெரியுமா? இல்லை, நடந்து போய்விட்டான் என்றே நினைத்துக்கொண்டு போனாளா? கூட இருந்தவர் ஒருவர்தான். அவரிடம் இவன் கேட்க முடியாது. அடக்கம் முடிந்ததும் டல்சி தலைமுடியை வெட்டிக்கொண்டு, சாவு நடந்த வீட்டை விட்டு, கிழக்கே உறவுக்காரர்களிடம் போய்விட்டார். அங்கே துக்க முறைப்படி யாரிடமும் பேசாமல் வாய் மூடியிருந்தார். கெல்வினைக் கேட்கச் சொல்லலாம். ஆனால் கெல்வின் தம்பி. அக்காள் தன் புருஷனைப் பற்றிப் பேசியதைத் தாய் தம்பியிடம் சொல்வதில்லை, அதுவும் ஒரு முறை.

"முடி வளந்துடுச்சாம்," என்றான் கெல்வின், தீயைக் கிளறியபடி. "பேசுறாங்களாம். சின்னம்மா சொன்னாங்க. வந்த முதல் பேச்சே, ஏன் டீல சக்கரை கம்மின்னு சண்டையாம்."

வெஸ்லிக்குச் சிரிப்பு வந்தது. வந்தது அவனுக்கே தெரிந்தது.

எனிட் அம்மாள் அலுமினியத் தாள் சுருளோடு சமையலறைப் படியிறங்கி வந்தார். முழங்கை வரை உருளைக்கிழங்குத் தோல். அந்த ஊரிலேயே பிறந்து, புருஷனையும் அங்கேயே புதைத்துவிட்டு, இப்போது மூன்று பாதிரிகளையும் மேய்ப்பவர் அவர்தான்.

"வெஸ்லி தம்பி, அந்தப் பெட்டில என்ன?"

"உங்க பாத்திரமெல்லாம். கழுவிட்டேன்."

எனிட் பெட்டியைத் திறந்து பார்த்தார். மேலேயிருந்த பீங்கான் தட்டைத் திருப்பிப் பார்த்தார். அவர் பெயர்தான்.

"இது தொலைஞ்சு போச்சுன்னுல்ல இருந்தேன். என் பொண்ணு மேல பழி போட்டேன்." தட்டை ஏப்ரனால் துடைத்தார். "சாப்பிட்டியா தம்பி அப்பல்லாம்? நாய்க்குப் போட்டியா? உண்மையச் சொல்லு."

"சாப்பிட்டேன். எல்லாத்தையும். அதாலதான்…" பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினான். "ரொம்ப நன்றி. அப்பவே சொல்லியிருக்கணும்."

"மக்ரோனி மட்டும் எனக்குக் கொஞ்சம் வந்துச்சு," என்றான் கெல்வின். "உப்பே இல்ல."

"உனக்கு யாரு வைக்கச் சொன்னா?" எனிட் தாள் சுருளை அவன் கையில் திணித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இங்க பாருங்க. போன தடவை நான் படம் வைக்கப் போயி நீங்க தடுத்தீங்க. இந்தத் தடவை படம் இல்ல, பேரும் இல்ல. பாதிரிங்க மூணு பேர்கிட்டயும் சொல்லிட்டேன், பேர் வாயில வந்துச்சுன்னா சூப் கிடையாதுன்னு. சரியா?"

"சரி," என்றான் கெல்வின். "தேறிட்டீங்க."

"ஆனா ஒண்ணு பண்ணியிருக்கேன். முன் வரிசையில ஒரு மரியாதை. உள்ள வந்து பாத்தாத்தான் தெரியும்." போய்விட்டார்.

வால்களைத் தாளில் சுற்றி, கங்கை விலக்கி, குழியில் இறக்கி, சாம்பலும் மண்ணும் போட்டு மூடினார்கள்.

பஸ் வந்தபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. ஹாலில் எல்லா விளக்கும் போட்டாயிற்று. நீள மேசைகள், வெள்ளைத் தாள் விரிப்பு, கலந்து உட்காருவதற்காக அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெயர்ச் சீட்டுகள். ஆட்டுக்கறி வாசனை, பூசணி வெந்த வாசனை. வெஸ்லி கைகழுவிவிட்டு உள்ளே வந்தான். எனிட் அவன் முழங்கையைப் பிடித்து நேராக முன்னால் கூட்டிப் போனார்.

இரண்டு பேர் உட்காரும் சிறிய மேசை. நடுவில் மெழுகுவர்த்தி. எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலி. ஒரு சீட்டில் வெஸ்லி. மறு சீட்டில் டல்சி.

"அம்மாவும் நீயும்," என்றார் எனிட். "உங்க துக்கத்துக்கு எங்களால முடிஞ்ச மரியாதை. தனியா, நிம்மதியா, ஒருத்தரை ஒருத்தர் பாத்துப் பேசிச் சாப்பிடணும்."

வெஸ்லி மெழுகுவர்த்தியைப் பார்த்தான். எனிட்டின் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அப்போது வாசலில் யாரோ உரக்க இருமினார்கள். அந்த இருமல் அவனுக்குத் தெரியும். உடனே சுவர்ப்பக்கம் திரும்பினான். பின்னால் நாற்காலி நகர்ந்தது, யாரோ "வாங்க வாங்க" என்றார்கள், பிறகு காலடிச் சத்தம் திரும்பிப் போனது. திரும்பிப் பார்த்தபோது வாசலில் ஆள் இல்லை. பஸ்ஸில் வந்த பெண்கள் தயங்கித் தயங்கி வெளியே போய்க்கொண்டிருந்தார்கள்.

"போயிட்டாங்க," என்றார் எனிட். "மேசையப் பாத்தாங்க. முகத்தை மூடிக்கிட்டுப் போயிட்டாங்க. இவ்வளவு தூரம் வந்து… உள்ள கால் வைக்க மனசு வரல போல."

கத்தோலிக்கப் பாதிரி கரண்டியோடு நின்றார். சர்ச்சுக்காரர்கள் யாருக்கும் புரியவில்லை. வெஸ்லிக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அவன் இங்கே இருக்கும்வரை டல்சி குளிரில் இருப்பார்.

சமையலறை வழியாக வெளியே வந்தான். தீக்குழிப் பக்கம் போர்வை போர்த்திய உருவம் ஒன்று தரையில் உட்கார்ந்திருந்தது. பார்வையைக் காலடியில் வைத்துக்கொண்டு வேலி ஓரமாகவே நடந்து வண்டிக்குப் போனான். சாவியைப் போட்டான். விளக்கைப் போட்டான். ஒற்றை வெளிச்சம் வேலியில் விழுந்து நாய்களின் கண்ணை மினுக்கியது.

கெல்வின் ஓடிவந்து கதவைப் பிடித்தான்.

"எங்க போற?"

"வீட்டுக்கு. நான் போனாத்தான் அவங்க உள்ள போவாங்க."

"மறுபடியும் எடம் விட்டுட்டுப் போறியா?"

"வேற என்ன பண்ணச் சொல்ற?"

"வண்டிய நிறுத்து மச்சான். ஒரு நிமிஷம் நிறுத்து."

எனிட் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். கண் கலங்கியிருந்தது. "நான்தானே? என்ன பண்ணிட்டேன்? எங்க சர்ச்சை அவங்க மன்னிக்கலையா?"

"மன்னிக்கிறது பாதி நடந்திருக்கு. மீதி அப்புறம்," என்றான் கெல்வின். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. எனிட், மருமகனும் மாமியாரும் எங்ககிட்ட முகம் பாக்க மாட்டாங்க. பேச மாட்டாங்க. நீங்க ரெண்டு பேரையும் மெழுகுவத்திக்கு ரெண்டு பக்கமும் உக்கார வச்சிருக்கீங்க. எங்கம்மாவுக்கு அது… எப்படிச் சொல்ல, நடுச்சபையில துணிய உருவின மாதிரி."

எனிட் கையை வாயில் வைத்துக்கொண்டார்.

"பொறந்ததிலேருந்து இந்த ஊர்ல இருக்கேன். யாரும் எனக்குச் சொல்லலையே."

"நீங்க கேக்கலையே."

எனிட் வெஸ்லியைப் பார்த்தார், தீக்குழியைப் பார்த்தார். ஏப்ரனை அவிழ்த்து வேலியில் போட்டுவிட்டு நேராக டல்சியிடம் நடந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

"டல்சி, தெரியாம பண்ணிட்டேன். மன்னிச்சிருங்க. இப்ப என்ன பண்ணணும், நீங்களே சொல்லுங்க. மேசையத் தூக்கி எறியட்டுமா?"

டல்சி போர்வையைக் கொஞ்சம் விலக்கினார். பிறகு அவர் குரல் வந்தது. மணலில் கால் இழுக்கிற மாதிரி ஒரு குரல்.

"மேசை என்ன பண்ணுச்சு? இருந்துட்டுப் போகட்டும். அந்த ஆளைப் போகவேணாம்னு சொல்லு. குழிக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உக்காரச் சொல்லு. நான் இந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கிறேன். நடுவுல நீ உக்காரு."

"நானா?"

"நீதான் எங்களை ஒண்ணா உக்கார வைக்கணும்னு ஆசைப்பட்ட. உக்காரு."

வெஸ்லி விளக்கை அணைத்தான். இறங்கி வந்து, வேலியைப் பார்த்தபடி, குழிக்கு மறுபக்கம் உட்கார்ந்தான். முதுகில் சூடு பட்டது. எனிட்டுக்கு யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள். அவர் அதைத் தள்ளிவிட்டார்.

கெல்வின் மண்ணை விலக்கி வால்களை எடுத்தான். ஹாலிலிருந்து ஆட்கள் தட்டோடு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். முதலில் பஸ்ஸில் வந்தவர்கள். பிறகு மற்றவர்கள், கோட்டைப் போட்டுக்கொண்டு. உட்கார இடமில்லாமல் பாதிரிகள் விறகுக் கட்டையில் உட்கார்ந்தார்கள். மூன்று பேரும் ஜெபத்துக்கு எழுந்தார்கள்.

"மூணு பேரும் ஜெபம் பண்ணினா வாலு ஆறிப்போகும்," என்றார் டல்சி. "ஒருத்தர் பண்ணுங்க. மத்தவங்க ஆமென் சொல்லுங்க."

அப்படியே நடந்தது.

தனியாக வைத்த தடித்த வாலை கெல்வின் உடைத்துத் தாயின் தட்டில் வைத்தான். கொழுப்பு வழிந்தது. டல்சி ஒரு துண்டு தின்று பார்த்தார்.

"எனிட். அந்த ஆள்கிட்டச் சொல்லு. வாலு நல்லா வெந்திருக்கு."

"இதோ பக்கத்துலதானே இருக்காரு, டல்சி. கேட்டிருக்குமே."

"கேக்காது. நீ சொன்னாத்தான் கேக்கும்."

எனிட் திரும்பினார். "வாலு நல்லா வெந்திருக்காம்."

"கிடைச்சதுல நல்லது அது. அவங்களுக்குன்னு வச்சேன்னு சொல்லுங்க," என்றான் வெஸ்லி.

"உங்களுக்குன்னே வச்சாராம்."

"தெரியும்னு சொல்லு. ஆளு இளைச்சிருக்காருன்னு எங்க ஜனம் சொல்லுது. சோறு திங்கிறாரா இல்லையான்னு கேளு."

"இதை நானே சொல்வேன்," என்றார் எனிட். "நாங்கதான் போட்டோம். அவரு தின்னாரு. பாத்திரம் கழுவி வந்திருக்கு."

டல்சி எனிட்டைத் திரும்பிப் பார்த்தார். தன் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து எனிட்டின் தட்டில் வைத்தார். "நீ போட்டியா. நல்லது. எங்க பிள்ளைக்கு நீ போட்டிருக்க. தின்னு."

எனிட் தின்றார். விரலெல்லாம் கொழுப்பு. துடைக்காமல் தின்றார்.

பக்கத்தில் யாரோ கித்தாரை எடுத்தார்கள். சார்ஜென்டுக்கு ஓர் எலும்பு போயிற்று. காற்று நின்றிருந்தது. டல்சி கடைசி எலும்பைச் சாம்பலில் போட்டார்.

"கெல்வின், போய் டீ போடு."

"டீ உள்ள ரெடியா இருக்கும்மா."

"சக்கரை கம்மியா இருக்கும். நீ போய்ப் போடு."

கெல்வின் தாயைப் பார்த்தான், வெஸ்லியின் முதுகைப் பார்த்தான். எழுந்து போனான்.

"எனிட். இப்ப சொல்றத வார்த்தை மாத்தாம சொல்லணும்."

"சொல்றேன்."

"அன்னைக்கு பிளேன்ல அந்த ஆள் இடம் விட்டாரு. எனக்கு விட்டாரு. அதனால என் மகளோட கையப் பிடிச்சுக்கிட்டு நான் இருந்தேன். அதை நான் மறக்கல. இத்தனை நாள் வாய் மூடியிருக்க வேண்டிய காலம். இப்ப சொல்றேன்."

எனிட் சொன்னார். வார்த்தை மாறவில்லை.

வெஸ்லி வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேலியில் எனிட்டின் ஏப்ரன் தொங்கியது. அதற்கு அப்பால் அவன் வண்டி. இதுவரை யாரிடமும் கேட்காததை இப்போது கேட்டான்.

"அவ என்னைத் தேடினாளான்னு கேளுங்க."

எனிட் கேட்டார்.

"தேடல," என்றார் டல்சி.

"தேடலையாம்," என்றார் எனிட், மெதுவாக.

வெஸ்லி தலையை ஆட்டினான்.

"அவசரப்படாதே, இன்னும் இருக்கு, சொல்லு," என்றார் டல்சி. "பிளேன் மேல ஏறுச்சு. பொழுது சாஞ்சிட்டிருந்துச்சு. எனக்கு பயம். கண்ணாடி வழியா ரோட்டையே பாத்துட்டிருந்தேன். ஒரு வண்டி போகுது. புழுதி பறக்குது. வெளிச்சம் ஒரு பக்கந்தான் விழுது. மககிட்டச் சொன்னேன், ஒத்த லைட்டு போட்டுக்கிட்டு ஒரு வண்டி நம்ம கூடவே ஓடி வருதுடின்னு. கண்ணை மூடிப் படுத்திருந்தா. சிரிச்சா. ஒண்ணு சொன்னா. அப்புறம் தூங்கினா. அந்தத் தூக்கத்துலயேதான் போனா. வலி இல்ல. வேற எதுவும் பேசல."

எனிட் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னார். அவர் சொல்லி முடிக்கும்வரை டல்சி காத்திருந்தார்.

"என்ன சொன்னா?" என்றான் வெஸ்லி.

"என்ன சொன்னாங்களாம்?" என்றார் எனிட்.

டல்சி சொன்னார். எனிட்டுக்கு அது எதைப் பற்றி என்று விளங்கவில்லை. ஆனாலும் வெஸ்லியின் பக்கம் திரும்பி, ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னார்.

"'அவன்தாம்மா அது. இன்னும் அந்த லைட்டை மாத்தல பாரு.'"